வளைந்த கால்களின் அரங்கு

1959ஆம் ஆண்டு மே 24ஆந் திகதி, டோக்கியோவின் தாய்-இச்சி செய்மெய் மண்டபத்தில் சில நிமிடங்களே நீடித்த ஓர் ஆற்றுகை நடந்தது. ஆடியவர்கள் இருவர்: ஹிஜிகாத்தா தத்சுமி, அவரோடு ஓர் இளைஞன். இளைஞன் கோழியொன்றைத் தொடைகளுக்கிடையில் நெரிப்பதான காட்சி. பிறகு இருள், இருளுக்குள் ஓடும் காலடியோசை. மிஷிமாவின் நாவலொன்றின் பெயரைத் தாங்கிய அந்த ஆற்றுகை ஆண்களுக்கிடையிலான இச்சையைத் தொட்டதால் சபை கொதித்தது. ஹிஜிகாத்தா நடனச் சங்கத்திலிருந்து விலகினார். புட்டோ நடனம் பிறந்த நாளென்று வரலாற்றாசிரியர்கள் இதையே குறிப்பிடுகின்றனர்.

எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அன்று வெட்கப்பட வைக்கப்பட்டவர்கள் பார்வையாளர்கள்தாம். பிறரை வெட்கப்பட வைப்பது கலையில் அவ்வளவு கடினமான காரியமல்ல.

ஹிஜிகாத்தா தன் சொந்த வெட்கத்திடம் வந்து சேரப் பின்னும் பல ஆண்டுகள் எடுத்தன. அவர் 1928இல் யப்பானின் வடகிழக்கிலுள்ள அகிட்டாவில் பிறந்தவர். குளிரும் வறுமையும் மிகுந்த நெற்செய்கைப் பிரதேசம் அது. வயலில் வேலை செய்யும் தாய்மார் குழந்தைகளை வைக்கோற் கூடைக்குள் இருத்திக் கட்டிவிட்டுப் போவார்களாம். மாலையில் தூக்கும்போது மடிந்த கால்கள் நிமிராதாம். தன் கதையைச் சற்று அலங்கரித்துச் சொல்லும் பழக்கம் ஹிஜிகாத்தாவுக்கு உண்டு. ஆனாலும் வளைந்த கால்கள் அலங்காரமல்ல. ஐரோப்பிய பலே நடனம் நீண்ட, நேரான கால்களைக் கேட்டது. நவீனம் கற்ற யப்பானிய நடனக்காரர் தம் குட்டைக் கால்களை மறைக்கப் பாடுபட்டனர். 1972இல் ஹிஜிகாத்தா மேடையேற்றிய தொடர் ஆற்றுகைகளில் அந்தக் கால்களே நடனமாயின: முழங்கால் அகன்று, பாதத்தின் வெளி விளிம்பில் உடல் நின்று நடுங்கியது. நாற்று நட்டு முதுகு வளைந்தவர்களை அன்றாடம் காணும் எனக்கு அந்த நிலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பவர் ஓனோ கசுவோ. 1906இல் ஹக்கொடாத்தேயில் பிறந்த அவர் யொக்கஹாமாவில் கிறிஸ்தவப் பெண்கள் பாடசாலையொன்றின் உடற்கல்வி ஆசிரியர். மேரி விக்மனிடம் ஜேர்மனியில் பயின்று வந்த எகுச்சி தக்காயாவிடம் நடனம் கற்றார். 1938இல் படைக்கு அழைக்கப்பட்டு, சீனாவிலும் நியூகினியிலும் அதிகாரியாக இருந்து, போர்க்கைதியாகி, 1946இல்தான் வீடு திரும்பினார். திரும்பிய கப்பலில் பலர் இறந்தனர். உடல்கள் கடலில் இறக்கப்பட்டன. அந்நீரில் மிதந்த இழுதுமீன்களின் நினைவிலிருந்து பின்னர் ஒரு நடனம் செய்தார். உயிரோடு திரும்பியவனின் வெட்கம் என்று நான் அதைச் சொல்வேன். முதல் நடன நிகழ்ச்சியை 1949இல் நடத்தியபோது அவருக்கு வயது 43. எங்கள் தொழிலில் அந்த வயதில் இடமாற்றத்துக்கு மட்டுமே விண்ணப்பிப்போம்.

1977 நவம்பரில், அதே தாய்-இச்சி செய்மெய் மண்டபத்தில், 71 வயது ஓனோ 'லா அர்ஜென்டினாவைப் போற்றி' என்ற ஆற்றுகையை நிகழ்த்தினார். நெறிப்படுத்தியவர் ஹிஜிகாத்தா. 1929இல் டோக்கியோவில் தான் பார்த்து மயங்கிய ஸ்பானிய நடனக்காரி அந்தோனியா மெர்சேக்கான நினைவாஞ்சலி அது. முகத்தில் வெள்ளைச் சாயம், பெண்ணுடை, தொப்பி. பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து மெல்ல மேடைக்குப் போகிறார். பின்னால் டாங்கோ இசை வருகிறது. அவரது உடல் தாளத்துக்கு இணங்குவதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. உடை கழன்றதும் தளர்ந்த தோலும் விலா எலும்பும் தெரிகின்றன.

வாசகர்கள் இவ்விடத்தில் முகம் சுளிப்பார்கள், அறிவேன். ஆண் பெண்ணுடை தரிப்பதை மார்க்கம் விலக்கியிருக்கிறது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் நாம் ஹயா என்று போற்றும் நாணத்தையும், மனிதர் மீது பிறர் சுமத்திய இழிவையும் ஒரே சொல்லால் வெட்கம் என்று அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம். முன்னையது காக்கப்பட வேண்டியது. பின்னையதை, முதுமை, வறுமை, வளைந்த கால், தோற்ற யுத்தம் ஆகியவற்றின் பேரால் வருவதை, மறைத்தே தீர வேண்டுமென்று யார் சொன்னது? 1959இல் அந்தப் பாரத்தை ஒரு கோழியும் ஓர் இளைஞனும் சபையும் சுமந்தார்கள். 1977இல் ஒரு கிழவர் தானே சுமந்தார். 1980இல் பிரான்சின் நான்சி விழாவில் ஐரோப்பா அவரைக் கண்டது.

ஹிஜிகாத்தா 1986இல் காலமானார். ஓனோவோ தொண்ணூறைத் தாண்டியும் ஆடினார். நிற்க முடியாமற்போனதும் கதிரையில் அமர்ந்தபடி கைகளால் மட்டும் ஆடினார். அவரைத் தாங்கிப் பிடித்து மேடைக்குக் கொண்டுவந்தவர் மகன் யொஷித்தோ. 1959இல் கோழியோடு நின்ற இளைஞன் அவர்தான். தகப்பன் யுத்தத்துக்குப் போன 1938இல் பிறந்தவர். 2010 யூனில் ஓனோ 103ஆவது வயதில் காலமான பின், தந்தையின் உருவிலான சிறு பொம்மையொன்றை விரல்களில் மாட்டி, அதை ஆடவிட்டுத் தான் அசையாமல் நின்றார் யொஷித்தோ.