புள்ளடிக்குப் பிறகு 2, 3

2024 செப்டம்பர் 22. ஜனாதிபதித் தேர்தல் முடிவுக்காக நாடே டீவிக்கு முன்னால் இருக்குது. ஒருத்தருக்கும் 50 வீதம் வரவில்லை, இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப் போறாங்கள் எண்டு அறிவிப்பு வந்தது. எங்கட வட்டத்தில் பாதிப் பேருக்கு அது என்ன எண்டே விளங்கவில்லை. "அப்பிடி ஒண்டு இருந்ததோ?" எண்டுதான் முதல் கேள்வி. இருந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பிலிருந்தே இருக்குது. 1982 தொடக்கம் 2019 வரை ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டினதால் அதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

அண்டைக்கு நடந்த கணக்கு கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் போட்டியில் நிற்க, மற்ற எல்லா வேட்பாளர்களும் விலக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விழுந்த வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். அதிலிருந்து இவர்கள் இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டில்தான். அதாவது நூறு வாக்குச்சீட்டில் எட்டு. மிச்சப் பேர் ஒருவருக்குப் புள்ளடியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், அல்லது 2, 3 எண்டு போட்ட ஆக்களும் விலக்கப்பட்ட பட்டியலிலேயே இருந்திருக்கிறார்கள். 46 வருசமாகக் கையில் இருந்த ஒரு கருவி. அதை ஒருவரும் எங்களுக்குப் பழக்கவில்லை.

ஏன் இப்பிடி ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள் எண்டு தேடப் போனால் கதை 1953க்குப் போகிறது. அந்த வருசம் ஜே. ஆர். ஜயவர்த்தன நிதி அமைச்சர். அரிசி மானியத்தைக் குறைத்தார்; கொத்து 25 சதம் விற்ற அரிசி 70 சதமானது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, சூட்டில் ஆக்கள் செத்தார்கள், சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஜே. ஆர். இதிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டார் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். 1966 டிசம்பரில் ஒரு விஞ்ஞானச் சங்கக் கூட்டத்தில் பேசும்போது, மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிற, குறித்த வருசங்களுக்கு அசைக்க முடியாத ஒரு நிறைவேற்று அதிகாரம் நாட்டுக்கு வேணும் எண்டார். சரியான, ஆனால் சனத்துக்குப் பிடிக்காத முடிவுகளை எடுக்க அப்படியான ஒருவரால்தான் முடியும் எண்டது அவருடைய வாதம். இண்டைக்கு "நீண்டகாலப் பிரச்சினைகளைத் தேர்தல் அரசியல் கவனிக்காது" எண்டு கவலைப்படுகிறவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். எங்கட நாட்டில் அதை ஒருத்தர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்.

அதுக்கு முன்னம் இருந்த முறை நல்லதோ எண்டு கேட்டால், அதுவும் இல்லை. தொகுதிக்கு ஒருவர், கூட வாக்கு எடுத்தவர் வென்றவர். 1956இல் பண்டாரநாயக்கவின் கூட்டணி 40 வீதமளவு வாக்கோடு 95 ஆசனங்களில் 51ஐப் பிடித்தது. தனிச் சிங்களச் சட்டம் அந்த வருசமே வந்தது. 1970இல் இன்னும் வேடிக்கை: ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37.9 வீதம், ஆசனம் 17. சுதந்திரக் கட்சிக்கு 36.9 வீதம், ஆசனம் 91. அந்தப் பெரும்பான்மையை வைத்துத்தான் 1972 யாப்பு எழுதப்பட்டது. 1977இல் பந்து மற்றப் பக்கம் போனது. ஐ.தே.க. 51 வீதமளவு வாக்கோடு 168இல் 140. கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. அதனால்தான் 18 ஆசனம் வைத்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எங்கட ஆக்கள் அதைப் பெருமையாகச் சொல்லுவினம். உண்மையில் அது வாக்கு முறையின் ஒரு விபத்து.

இதில் மலையகத்தை விட்டுவிட்டுப் பேச ஏலாது. 1948 பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த வருசத் தேர்தல் சட்டமும் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கைப் பறித்தன. ஆனால் தொகுதி பிரிக்கும்போது மட்டும் அவர்களின் தலைகளும் எண்ணப்பட்டன, ஏனெண்டால் கணக்கு சனத்தொகைப்படி. ஆக வாக்கில்லாத ஆக்களின் எண்ணிக்கையால் கிடைத்த ஆசனங்களுக்கு, அயலில் இருந்த சிங்கள வாக்காளர்கள் ஆளைத் தெரிவு செய்தார்கள். ஒரு வாக்கு முறையில் எது மிக மோசமான பகுதி எண்டு கேட்டால் நாங்கள் இதைத்தான் காட்டுவோம்.

1978 யாப்பு இரண்டு மருந்தைக் கொண்டுவந்தது. பாராளுமன்றத்துக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம். ஜனாதிபதிக்கு 50 வீதத்துக்கு மேல், வராவிட்டால் 2, 3 எண்ணிக்கை. காகிதத்தில் பார்த்தால் நல்ல மருந்துதான். நாடு முழுக்க 50 வீதம் வேணும் எண்டால் சிறுபான்மையின் வாக்கையும் கேட்டுத்தான் ஆகவேணும். ஆனால் மருந்தைக் கண்டுபிடித்தவரே அதைக் குடிக்க மறுத்தார். புது முறையில் தேர்தல் வைத்தால் மூன்றில் இரண்டு கிடைக்காது எண்டு விளங்கி, 1982 டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, பழைய முறையில் தெரிவான பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருசத்துக்கு நீட்டினார். ஆம் எண்டவர்கள் 54.66 வீதம். பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கேட்ட ஆறாம் திருத்தத்தால் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தது அந்த நீட்டப்பட்ட காலத்தில்தான். நீண்டகாலத்துக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்ட சீர்திருத்தம் ஒரு கட்சியின் காலத்தை நீட்டத்தான் முதலில் உதவியது. விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989 வரை வரவில்லை.

இதுக்கெல்லாம் எதிர்ப்பக்கமாக ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் வந்த அரசாங்க சபை. 21 வயதான எல்லோருக்கும், பெண்களுக்கும் வாக்கு. (சேர் பொன்னம்பலம் இராமநாதன் இதை எதிர்த்தவர். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தரமாட்டினம்.) அந்தச் சபையில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இல்லை. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு துறையைப் பார்த்தது. மெதுவான முறை, சண்டை கூடின முறை. ஆனால் கல்விக் குழுவின் தலைவராக சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா வருசக்கணக்காக இருந்து வேலை செய்ய முடிந்தது. 1943இல் விசேட குழுவின் அறிக்கை, 1945இல் இலவசக் கல்வி. எங்களில் ஒவ்வொருவரும் அதில் படித்து வந்தவர்கள். அதே கன்னங்கரா 1947இல், புதிய யாப்பின் கீழ் நடந்த முதல் தேர்தலில், மத்துகமவில் தோற்றுப் போனார்.

அந்த 1931 தேர்தலில் வடக்கு என்ன செய்தது? யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், எங்கட வயசுப் பெடியள்தான், பூரண சுயராச்சியம் தராத யாப்பு எண்டு பகிஷ்கரிக்கச் சொன்னது. குடாநாட்டு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அவர்களின் கொள்கையில் எங்களுக்கு மரியாதை இருக்கிறது. சாதிக்கு எதிராகவும் அவர்கள் நின்றவர்கள். ஆனால் குழு முறையில் எல்லாருக்கும் கதிரை இருந்த அந்த ஆரம்ப வருசங்களில் எங்கட கதிரைகள் காலி. 2005இலும் இன்னொரு பகிஷ்கரிப்பு, அது புலிகளின் அறிவிப்பு. யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்தோடு வென்றார். பாதியைத் தாண்டினது முப்பதினாயிரத்துக்கும் குறைந்த வாக்கால். 2, 3 எண்ணுகிற நிலை அண்டைக்கே வந்திருக்கலாம்.

அப்ப வாக்கு முறையை மாத்தினால் எல்லாம் சரிவருமோ? எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. உள்ளூராட்சிக்குக் கலப்பு முறை 2018இல் வந்தது. உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எண்ணாயிரத்தைத் தாண்டினது. அதைத் திட்டாத ஆளில்லை. ஆனால் அதே சட்டத்தில் இருந்த 25 வீத ஒதுக்கீட்டால்தான் பிரதேச சபைகளுக்குள் பெண்கள் ஆயிரக்கணக்கில் நுழைந்தார்கள். குளம், வடிகால், குப்பை எண்டு வருசக்கணக்காக இழுபடுகிற விசயங்கள் எல்லாம் பேசப்படுவது அங்கேதான். பாராளுமன்ற விருப்பு வாக்கு இன்னொரு கதை: ஒரே பட்டியலில் நிற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டுகிற வேலை. யாழ்ப்பாணத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. அந்த ஆறுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள். ஆசனம் ஏன் குறையுது, ஆக்கள் ஏன் ஊரை விட்டுப் போகினம் எண்டு பேச அந்தப் பட்டியல்களில் எத்தினை பேருக்கு நேரம் இருந்தது?

மாகாண சபையின் கதையோ சீர்திருத்தத்தாலேயே நிண்டு போன கதை. 2017இல் அதன் தேர்தல் சட்டத்தைக் கலப்பு முறைக்குத் திருத்தினார்கள். புது முறைக்கு எல்லை நிர்ணயம் வேணும். அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய சட்டம் இல்லை, புதியது வேலை செய்யாது. அந்த ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது; பிறகு ஆளுநர்தான். இதை எழுதும் வரைக்கும் தேர்தல் இல்லை. கடைசியாக வடக்கு மாகாண சபைக்கு வாக்களித்தது 2013 செப்டம்பரில். எங்கட குழுவில் அண்டைக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் அப்ப சாதாரண தரம், ஸ்கொலசிப் எண்டு படித்துக்கொண்டு இருந்தவர்கள்.