விழுந்தவன் எழும் வேளை: புத்தளக் கரையோர வரலாறு தரும் படிப்பினை

பகைவனை வீழ்த்துதல் ஒரு கலை. வீழ்ந்தவன் எழும் வேளையில் அவனை எதிர்கொள்ளுதல் மற்றொரு கலை. மின்திரையில் இருவர் பொருதும் இக்காலச் சண்டை விளையாட்டுகளில் இந்த இரண்டாவது கலைக்கு யப்பானிய மொழியில் 'ஓக்கிசெமே' என்னும் தனிப்பெயரே உண்டு. தரையிற் கிடப்பவன்மீது ஓங்கும் அடி பெரும்பாலும் வீணாகும். அவன் எழுந்து நின்றபின் ஓங்கும் அடி எதிரடியைச் சந்திக்கும். எழும் அக்கணத்திலேயே அடி சென்று சேர்தல் வேண்டும். அதற்கு வென்றவன் அருகில் நிற்றல் இன்றியமையாதது. விலகிச் சென்றவன் போரை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியவனாகின்றான்.

அரசுகளின் போருக்கும் இவ்விதி பொருந்தும் என்பதற்கு 15ஆம் நூற்றாண்டுப் புத்தளக் கரையோர வரலாறு சான்றாகும். 1344இல் இபின் பதூதா இங்கு வந்திறங்கியபோது, மரமதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த நகரில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டான். கரையிற் குவிந்து கிடந்த கறுவாவையும் அரசனிடமிருந்த முத்துக்களையும் அவன் குறித்துள்ளான். இத்தகைய செல்வமே இக்கரையைப் போர்க்களமாக்கியது எனலாம்.

கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்ததாகக் கருதப்படும் போர் ஒன்றை 'முக்கர ஹட்டன' என்னும் சிங்கள ஏடு கூறுகின்றது. புத்தளத்தைக் கைப்பற்றியிருந்த முக்குவரை எதிர்க்கக் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து 7,740 கரையார் வீரர் அழைக்கப்பட்டனர் என்றும், மூன்று மாத முற்றுகைக்குப்பின் புத்தள அரண் வீழ்ந்தது என்றும் அவ்வேடு உரைக்கின்றது. படைத்தலைவருள் ஒருவனான மாணிக்கத் தலைவன் போரில் மடிந்தான். வென்ற வீரர்க்கு நீர்கொழும்புப் பகுதியில் நிலங்கள் வழங்கப்பட்டன.

இப்பரிசு நிலங்கள் புத்தளத்துக்குத் தெற்கே அமைந்தமை நோக்கத்தக்கது. வென்றோர் விலகினர், வீழ்ந்தோர் மெல்ல எழுந்தனர். புத்தளத்தில் முக்குவர் நிலவுடைமையாளராகவும், 'முத்திரைக் கூடம்' என்னும் தமக்கேயுரிய வழக்கு மன்றம் உடையோராகவும் விளங்கியமையைக் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 19ஆம் நூற்றாண்டில் எழுதியுள்ளார்.

இதே பிழை வடக்கிலும் நிகழ்ந்தது. மாணிக்கத் தலைவனின் மகன் என ஒரு மரபு கூறும் செண்பகப் பெருமாள், பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனாகப் படை நடத்தி, 1450இல் யாழ்ப்பாணத்தை வென்றான். கனகசூரிய சிங்கையாரியன் தமிழகத்துக்கு ஓடினான். 1467இல் பராக்கிரமபாகு இறந்தபின், அரியணையை நாடிச் செண்பகப் பெருமாள் தெற்கே சென்றான். அவன் அகன்ற வேளையிற் கனகசூரியன் மீண்டு வந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். ஏறத்தாழ 17 ஆண்டு வீழ்ந்துகிடந்த அவ்வரசு, எழுந்தபின் 1619வரை நிலைத்தது.

தோற்றவரின் வீரத்தை மட்டுமே இவ்வெழுச்சிகளுக்குக் காரணமாகக் கூறுதல் முழுமையாகாது. அழைத்துவந்த படையைக்கொண்டு ஓர் அரணை வீழ்த்தலாம். வீழ்ந்த இடத்தருகே காத்து நிற்பதற்கோ குடியிருப்பும் நிருவாகமும் ஓயாத பொருட்செலவும் வேண்டும். கோட்டை அரசிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இருக்கவில்லை. போர்களின் வெற்றி நாளை மட்டும் குறித்துக்கொள்ளும் வரலாற்று மாணவர், வீழ்ந்தவன் எழுந்த நாளில் வென்றவன் எங்கிருந்தான் என்பதையும் வினவுதல் வேண்டும்.