சூனியக்காரி வேட்டை: ஊரின் அச்சமும் தனிமனிதரின் பொறுப்பும்

சூனியக்காரி வேட்டைகளை ‘அது மூடநம்பிக்கையின் காலம்’ என்று கூறிக் கடந்துவிடுவது வழக்கம். பழியைக் காலத்தின் மீது சுமத்திவிட்டால் மனிதர் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்தபோது 1692இல் அங்கு நடந்த சேலம் வழக்குகள் இந்த வாதத்தை மறுக்கின்றன.

அச்சத்துக்குக் காரணங்கள் இருந்தன. எல்லைப்புறப் போர், நிலத் தகராறுகள், போதகரின் ஊதியம் குறித்த பிளவு ஆகியவற்றால் சேலம் கிராமம் கொதித்துக்கொண்டிருந்தது. சில சிறுமிகளுக்கு வலிப்பு கண்டபோது முதலில் கைகாட்டப்பட்டோர் மூவர்: அடிமையான டிட்டுபா, பிச்சையெடுத்து வாழ்ந்த சாரா குட், நோயுற்றிருந்த சாரா ஆஸ்போர்ன். அச்சம் அனைவருக்கும் பொதுவானது. பழியோ முதலில் ஆதரவற்றவர்களையே தேடிச் சென்றது.

அப்பழியைக் கொலையாக மாற்றியது நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் தன்னை வதைத்ததாகச் சொல்வதே சாட்சியமாக ஏற்கப்பட்டது. சாட்சியின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த உருவத்தை எவரால் பொய்யென நிறுவ முடியும்? குற்றத்தை ஒப்புக்கொண்டோர் உயிர் தப்பினர். மறுத்தோர் தூக்குமேடை ஏறினர். ரெபேக்கா நர்ஸ் என்ற மூதாட்டியை ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றனர். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன் மீண்டும் யோசிக்கச் சொன்னதும் தீர்ப்பு மாறியது. மொத்தம் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

அதே அழுத்தத்தின் கீழ் வேறுவிதமாக நடந்தவர்களும் உண்டு. நீதிபதி நதானியேல் சால்டன்ஸ்டால் தொடக்கத்திலேயே அந்த நீதிமன்றத்திலிருந்து விலகினார். நர்ஸுக்காக அயலார் 39 பேர் துணிந்து மனுவில் கையெழுத்திட்டனர். ஆகவே, வேறு வழியே இருக்கவில்லை என்பது உண்மையன்று.

1697இல் நீதிபதி சாமுவேல் சீவால் தேவாலயத்தில் எழுந்து நின்று தம் குற்றத்தை ஏற்றார். ஜூரிகள் 12 பேர் எழுத்துமூலம் மன்னிப்புக் கோரினர். குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஒருவரான ஆன் புட்னம் 1706இல் வருத்தம் தெரிவித்தார். நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டோட்டனோ இறுதிவரை வருந்தவில்லை.

இது பழங்கதையன்று. சூனியப் பழி சுமத்துவதைத் தடுக்க பிகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டங்களை நடைமுறைப்படுத்த நேர்ந்தது. அங்கே தலித், ஆதிவாசிப் பெண்களும் கைம்பெண்களும் இன்றும் இலக்காகின்றனர். சாதி வன்கொடுமை வழக்குகளிலும் ‘ஊரே சேர்ந்து செய்தது’ என்ற வாதத்தை நாங்கள் கேட்டுவருகிறோம். ஊர் என்பது முகமற்ற ஒன்றன்று. கைகாட்டியவர் யார், ஆதாயம் அடைந்தவர் யார், தடுக்கும் அதிகாரம் இருந்தும் வாளாவிருந்தவர் யார் என்று தனித்தனியே கேட்பதே நீதியின் முதல் படி. சமூக அழுத்தம் குற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளக்கும், குற்றவாளியை விடுவிக்காது.