கிழங்குக்குப் பாயிண்ட்டு, உடம்புக்குப் பர்சன்ட்டு

ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கத்து ஆளுங்களுக்குப் 'பாயிண்ட்டு'ன்னா என்னன்னு சொல்லவே வேண்டாம். மத்த ஊர்க்காரங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மரவள்ளிக் கிழங்கை (எங்க பக்கம் குச்சிக்கிழங்கு) சேகோ மில்லுக்கு லோடு அடிச்சா, வெறும் எடைக்கு மட்டும் காசு தர மாட்டாங்க. கிழங்குல மாவுச்சத்து எவ்வளவு இருக்குன்னு பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னு ரேட்டு போடுவாங்க. தோட்டத்துக்காரர் 28 பாயிண்ட்டு வரும்னு கணக்குப் போட்டிருப்பார். மில்லுல 25ன்னு சொல்லுவாங்க. அங்க ஆரம்பிக்கும் சண்டை!

சரி, ஒரு லோடு கிழங்கையும் அரைக்காம மாவு எவ்வளவுன்னு எப்படிச் சொல்ல முடியும்? உலகம் முழுக்கப் பழக்கத்துல இருக்குற வழி ரொம்ப எளிமையானது. மாதிரிக்குக் கொஞ்சம் கிழங்கை எடுத்துக் காற்றுல ஒரு தடவை நிறுக்கணும். அப்புறம் தண்ணிக்குள்ள முக்கி இன்னொரு தடவை நிறுக்கணும். மாவு தண்ணியை விடக் கனமானது. மாவு கூடக் கூட, தண்ணிக்குள்ள எடையும் கூடும். அந்த எடையை வச்சு ஒரு அட்டவணையைப் பார்த்துப் பாயிண்ட்டைச் சொல்லிடலாம். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில இருந்து எழுந்து ஓடினாரே, அதே சமாச்சாரம்தான்.

இதை எதுக்கு இப்ப இழுக்கறேன்னா, ஜிம்முல ஒரு மெஷின் மேல வெறுங்காலோட ஏத்தி நிக்க வச்சு 'உங்க பாடி ஃபேட் 27.4 பர்சன்ட்'டுன்னு சீட்டு அடிச்சுத் தர்றாங்களே, அந்த நம்பரோட பூர்வீகமும் இதேதான். சேலத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிக்கு ஒரே வாரத்துல ஒரு இடத்துல 27, இன்னொரு இடத்துல 21ன்னு வந்துச்சு. 27 சொன்ன இடத்துல கையோட ஒரு டப்பா பவுடரையும் விலை சொல்லியிருக்காங்க. 'ஏனுங்ண்ணா, இதுல எதுங்க நெசம்?'னு கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் வரலாறு சேர்த்து இங்க எழுதறேன்.

மனுஷனைத் தண்ணிக்குள்ள வச்சு நிறுத்த கதை

ஆல்பர்ட் பென்கே அமெரிக்கக் கடற்படை மருத்துவர். ஆழ்கடல்ல முக்குளிக்கிறவங்களைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சவர். ஆழத்துல இருந்து அவசரமா மேல வந்தா, உடம்புல கரைஞ்சிருக்குற நைட்ரஜன் குமிழி குமிழியா வெளிய வந்து ஆளையே முடக்கிப் போட்டுடும். நைட்ரஜன் தண்ணியை விடக் கொழுப்புலதான் பல மடங்கு அதிகமாக் கரையும். அதனால ஒருத்தர் உடம்புல கொழுப்பு எவ்வளவுங்கறது அவருக்கு அழகு விஷயம் கிடையாது, உயிர் விஷயம்.

1942ல் பென்கே குழுவினர் ரெண்டு கட்டுரை வெளியிட்டாங்க. ஒண்ணு, கடற்படை ஆட்கள் 99 பேரைத் தண்ணிக்குள்ள நிறுத்தது. இன்னொண்ணு, தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 25 பேரை (அமெரிக்கக் கால்பந்துங்க, நம்ம ஃபுட்பால் இல்ல) அதே மாதிரி நிறுத்தது. உயரத்துக்கு ஏத்த எடைங்கற அன்றைய அட்டவணைப்படி இந்த 25 பேர்ல 17 பேர் ராணுவத்துக்கே லாயக்கில்லாத குண்டர்கள். தண்ணிக்குள்ள நிறுத்தா அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது சதை! கொழுப்பு தண்ணியில மிதக்கும், சதையும் எலும்பும் முங்கும். கிழங்குக்கு நேர் தலைகீழ்க் கணக்கு, அவ்வளவுதான். எடையும் கொழுப்பும் ஒண்ணு இல்லைன்னு உலகத்துக்குப் புரிஞ்சது அங்கதான்.

(வருஷப் பொருத்தத்தைப் பாருங்க. அதுக்கு அடுத்த வருஷம், 1943ல், உலகப் போரால வெளிநாட்டு ஜவ்வரிசி வர்றது நின்னு போனப்பதான் மாணிக்கம் செட்டியார் சேலத்துல ஜவ்வரிசித் தொழிலை ஆரம்பிச்சார்.)

அடர்த்தியில் இருந்து பர்சன்ட்டுக்கு

தண்ணிக்குள்ள நிறுத்தா உடம்போட அடர்த்தி கிடைக்கும். அதைக் கொழுப்புச் சதவீதமா மாத்த ஒரு சூத்திரம் வேணுமே? அதைக் கொடுத்தவர் பெர்க்லியில இருந்த வில்லியம் சிரி. இவர் மலையேறியும் கூட. 1963ல் எவரெஸ்ட் போன அமெரிக்கக் குழுவுக்குத் துணைத் தலைவர். அவர் சூத்திரம் இதுதான்: 495ஐ அடர்த்தியால வகுத்து, 450ஐக் கழிச்சுடுங்க. அடர்த்தி 1.05ன்னா கொழுப்பு 21.4 சதவீதம். முடிஞ்சது கணக்கு.

முடிஞ்சதா? இந்தச் சூத்திரத்துக்குள்ள ரெண்டு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. கொழுப்போட அடர்த்தி 0.90. கொழுப்பு நீங்கலா மத்த எல்லாமும் (சதை, எலும்பு, தண்ணி) சேர்ந்து 1.10. முதல் நம்பர்ல பெரிய வில்லங்கம் இல்லை. வில்லங்கம் ரெண்டாவதுல. எலும்பு கெட்டியா இருக்குறவருக்கு அது 1.11 ஆ இருந்தா? அதே 1.05 அடர்த்திக்குக் கொழுப்பு 24.5 ஆயிடும். வயசாகி எலும்பு தேஞ்சு 1.09 ஆ இருந்தா 18 தான். ரெண்டாவது தசம இடத்துல ஒரே ஒரு எண் மாறினா மூணு பர்சன்ட் காலி. மொத்த உடம்பும் 1.10ஐத் தாண்டுற இரும்பு உடம்புக்காரருக்குக் கொழுப்பு பூஜ்யத்துக்கும் கீழே போகும். கடன் வாங்கின கொழுப்பு போல :-)

இதுல நுரையீரல் வேற. முழுசா மூச்சை வெளிய விட்டாலும் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல காத்து தங்கும். 70 கிலோ ஆளுக்கு அந்தக் காத்தை 100 மில்லி தப்பாக் கணிச்சாலே முக்கால் பர்சன்ட் போச்சு. கிழங்குல ஒட்டியிருக்குற மண்ணு பாயிண்ட்டைக் கெடுக்குற மாதிரிதான்.

இந்த மாதிரி எண்கள் எல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினா இன்னும் சுவாரஸ்யம். சிரிக்குப் போட்டியா 1963ல் ப்ரோசெக், ஆன்செல் கீஸ் குழு கொடுத்த சூத்திரத்துக்கு அடிப்படை, வெட்டி அலசின மூணு ஆண் சடலங்கள். கொழுப்பு நீங்கின உடம்புல 73 சதவீதம் தண்ணின்னு எல்லாரும் எடுத்துக்கறாங்களே, அந்த நம்பரை 1945ல் பிரபலப்படுத்தினது பேஸ், ராத்பன் ரெண்டு பேரும் கினி பன்றிகளை வச்சுச் செஞ்ச ஆராய்ச்சி. தப்புன்னு சொல்லலை, சராசரிக்குப் பரவாயில்லாத நம்பர்தான். ஆனா நீங்களும் நானும் சராசரியான்னு யாரு சொன்னது?

கிழங்கை அரைச்சுப் பார்த்துடலாம், உடம்பை?

இங்கதான் கிழங்குக்கும் உடம்புக்கும் பெரிய வித்தியாசம். பாயிண்ட்டுல சந்தேகம்னா, தோட்டத்துக்காரரும் மில்காரரும் எதிர்ல வச்சு அந்தக் கிழங்கையே அரைச்சு மாவை எடுத்துப் பார்த்துடலாம். பாலுக்கும் அப்படித்தான். பால் சொசைட்டியில அமிலம் ஊத்திச் சுத்தற கெர்பர் முறையில (1891ல் ஸ்விட்சர்லாந்துல வந்தது) கொழுப்பு தனியாப் பிரிஞ்சு குழாய்க் கழுத்துல வந்து நிக்கும். கண்ணால பார்த்துப் படிக்கலாம். உயிரோட இருக்குற மனுஷனை அரைக்கவும் முடியாது, அமிலம் ஊத்திச் சுத்தவும் முடியாது.

செத்தவங்களை வச்சுப் பார்த்தவங்க உண்டு. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்துல 25 சடலங்களைத் தோல், கொழுப்பு, சதை, எலும்புன்னு தனித்தனியாப் பிரிச்சு நிறுத்தாங்க. கிளாரிஸ், மார்ட்டின், டிரிங்க்வாட்டர் 1984ல் வெளியிட்டாங்க. கொழுப்புத் திசுவை நீக்கின உடம்புல எலும்போட பங்கு ஒருத்தருக்கு 16 சதவீதம், இன்னொருத்தருக்கு கிட்டத்தட்ட 26. 'எல்லாருக்கும் 1.10'ங்கற அனுமானம் எவ்வளவு ஆட்டம் காணுதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

கரண்ட்டு விட்டுப் பார்க்கும் மெஷின்

எல்லாரையும் தொட்டியில முக்க முடியாதில்லையா? அதனால சுலபமான வழிகள் வந்துச்சு. 1974ல் டர்னின், வோமர்ஸ்லி ரெண்டு பேரும் கிளாஸ்கோவுல 481 பேரோட தோல் மடிப்பை நாலு இடத்துல இடுக்கியால கிள்ளி அளந்து, அதைத் தண்ணி எடையோட பொருத்தி ஒரு அட்டவணை போட்டாங்க. கிள்ளுற கை மாறினா நம்பரும் மாறும்.

அடுத்தது கரண்ட்டு. தண்ணியும் உப்பும் இருக்குற சதையில மின்சாரம் சுலபமாப் போகும், கொழுப்புல தடுக்கும். உடம்புல இருக்குற தண்ணிக்கும் இந்தத் தடைக்கும் நெருங்கின தொடர்பு இருக்குன்னு 1969ல் ஹாஃபர் குழு காட்டினாங்க. 1992ல் ஜப்பானோட டனிட்டா கம்பெனி இதை ஏறி நிக்குற எடை மெஷினாவே ஆக்கிடுச்சு. இன்னைக்கு மொபைலோட சேர்ந்து வேலை செய்யற மெஷின்கள் அதோட பேரன் பேத்திகள்.

இப்ப வரிசையைக் கவனிங்க. மெஷின் அளக்கறது மின்தடையை மட்டும்தான். அதுல இருந்து தண்ணி. தண்ணியில இருந்து (அந்த 73 சதவீதத்தை நம்பி) கொழுப்பில்லாத உடம்பு. மொத்த எடையில அதைக் கழிச்சா மிச்சம் கொழுப்பு. ஒவ்வொரு படியிலயும் யாரோ வேற ஊர்க்காரங்க உடம்புல போட்ட கணக்கு இருக்கு. அதனாலதான் வயசு, உயரம், ஆணா பெண்ணான்னு மெஷின் முன்கூட்டியே கேக்குது. வீட்டுல இருந்தா ஒரு வேடிக்கை பண்ணுங்க. பிறந்த வருஷத்தை இருபது வருஷம் தள்ளிப் போட்டுட்டு மறுபடி ஏறுங்க. உடம்பு அதேதான், பல மெஷின்கள்ல பர்சன்ட்டு மாறிடும்.

இன்னொண்ணு. காலுக்கு மட்டும் தகடு இருக்குற மெஷின்ல கரண்ட்டு ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல இறங்கிடும். வயித்துல என்ன இருக்குன்னு அது சரியாப் பார்க்கறதே இல்லை. நம்ம ஆளுங்களுக்குப் பிரச்சினையே அங்கதானே!

நம்ம உடம்புக்கு யார் கணக்கு?

நாமக்கல் லாரிப் பட்டறைப் பக்கம் ஒரு டீக்கடையில உக்காந்து பாருங்க. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. எடை பார்த்தா 'நார்மல்'. அடுத்த மாசம் சர்க்கரைன்னு சொல்லுவாங்க. 'நான் ஒல்லிதானுங்களே, எனக்கு எப்படிங்க?'ன்னு கேப்பாங்க.

உயரத்தையும் எடையையும் வச்சுப் போடற பி.எம்.ஐ. 1832ல் பெல்ஜியத்துக் க்வெட்லே போட்ட கணக்கு. அதுக்கு அந்தப் பேரை 1972ல் வச்சது நாம மேல பார்த்த கீஸ் குழுதான். அஞ்சு நாடுகள்ல சுமார் 7,400 ஆண்களை வச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. அந்த அஞ்சுல இந்தியா இல்லை. பெண்களும் இல்லை.

2004ல் லான்செட்டுல ஒரு போட்டோ வந்துச்சு. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யட்கின், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. யட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! யாஜ்னிக் குழு பச்சைக் குழந்தைகளையும் பார்த்தாங்க. புனே குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தோட சவுதாம்டன் குழந்தை 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைஞ்சும் தோலுக்கடியில இருக்குற கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையலை. ஒல்லிக்குள்ள ஒளிஞ்சிருக்குற குண்டு நமக்குப் பிறவியிலயே இருக்கு.

சென்னையில ஸ்னேகலதா, விஸ்வநாதன், ராமச்சந்திரன் மூணு பேரும் 10,025 இந்தியர்களோட அளவுகளைப் பார்த்து, நமக்கு ஆரோக்கியமான பி.எம்.ஐ. 23 வரைக்கும்தான்னு 2003லயே சொன்னாங்க. 2009ல் இந்திய மருத்துவர்களோட ஒருமித்த கருத்தும் அதே: 23க்கு மேல அதிக எடை, 25ன்னா உடல்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. 2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுல உடல்பருமன் 28.6 சதவீதம், வயித்துப் பருமன் 39.5 சதவீதம். நடுவுல இருக்குற வித்தியாசத்தைப் பாருங்க, நம்ம டீக்கடை ஆளுங்க அதுலதான் இருக்காங்க. 2025 ஜனவரியில லான்செட் குழுமத்தோட நிபுணர் குழுவும் பி.எம்.ஐ.யை மட்டும் நம்பாம இடுப்பையும் சேர்த்துப் பாருங்கன்னு சொல்லிடுச்சு.

ஆக, அந்தத் தம்பிக்குச் சொன்ன பதில் இதுதான். 27ம் நெசமில்லை, 21ம் நெசமில்லை. ரெண்டும் ரெண்டு மில்லுல போட்ட பாயிண்ட்டு. ரெண்டையும் ஒப்பிட்டு அழவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். மெஷின் வேணும்னா ஒரே மெஷின், காலையில எழுந்து பாத்ரூம் போயிட்டு, தண்ணி குடிக்கறதுக்கு முந்தி, ஒரே நேரத்துல. ஒரு நாள் நம்பரை விட்டுடு, மூணு மாசத்துல ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாரு. அதை விட உருப்படியான காரியம், டெய்லர் டேப் ஒண்ணு வாங்கிக்கோ. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, வயித்தை எக்காம, மூச்சைச் சாதாரணமா விட்டுட்டு அளந்துக்கோ. 90ஐத் தாண்டினா பவுடர் டப்பா வாங்கற காசுல சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை எடு. டேப்புக்கு எந்தச் சடலத்தோட கணக்கும் வேண்டாம், கினி பன்றியும் வேண்டாம்.

உங்க ஊர்ப் பக்கம் பாயிண்ட்டு மாதிரி வேற என்னென்ன கணக்கு இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. கரும்பு, பருத்திக்காரங்க கட்டாயம் வரணும்.

டிஸ்கி: அடியேன் டாக்டர் கிடையாது. இடுப்பை அளந்துட்டு என்னைத் திட்டாதீங்க!