மூச்சுச் சோதனை (நரம்புச் சிதைவு நோய்கள்)

வெளிவிடும் மூச்சைக் கொண்டு நோயறியும் முறைகளின் பொதுப்பெயர். நரம்புச் சிதைவு நோய்களில் இப்பெயரால் இரு வேறு முறைகள் வழங்குகின்றன. மூச்சின் அளவையும் வலுவையும் பார்ப்பது ஒன்று; இயக்க நரம்பணு நோயில் இது நெடுநாளாக வழக்கில் உள்ளது. மூச்சில் கலந்த ஆவிப்பொருள்களைப் பார்ப்பது மற்றொன்று. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களுக்கு அது இன்னும் ஆய்வுநிலையிலேயே இருக்கிறது. நாளிதழ்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி. வார்டில் நடப்பது முதலாவது.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நாக்கு, நிறம், மொழி, விழி ஆகியவற்றோடு மலமும் சிறுநீரும் உண்டு, மூச்சு இல்லை. நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்று எண்ணிவைத்த மரபு, நோயறியும் பட்டியலில் மூச்சைச் சேர்க்காதது கவனிக்கத்தக்கது. சரம் பார்த்தல் தனிக் கலையாக வளர்ந்தது. அது மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று பார்க்குமே தவிர அதன் மணத்தைப் பார்ப்பதில்லை. சித்த மருத்துவம் சொல்லும் நடுக்குவாதமே பார்க்கின்சன் நோய் என்று சிலர் கொள்வர். நடுக்கம் தரும் பல நோய்களுக்கும் பொதுவான பெயர் அது என்பாரும் உளர்.

மூச்சை அளக்கும் கருவிக்கு நிலையான வடிவம் தந்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹட்சின்சன். தண்ணீரில் கவிழ்த்த பாத்திரம், அதைச் சமன்செய்ய எடைக்கற்கள், ஊதுவதற்கு ஒரு குழாய். ஊதினால் பாத்திரம் மேலே எழும். 1846இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 2,130 பேரின் மூச்சளவு இருந்தது. மாலுமிகள், தீயணைப்பாளர்கள், காவலர்கள், மல்லர்கள், ஏழைவிடுதிவாசிகள், குள்ளர்கள் எனக் கிடைத்தவரையெல்லாம் ஊதவைத்திருக்கிறார். ஐந்தடிக்கு மேல் உயரம் ஓர் அங்குலம் கூடினால் மூச்சளவு எட்டு கன அங்குலம் கூடுகிறது என்ற அவரது கணக்கு பின்னாளில் திருத்தப்பட்டது; உயரத்தோடு ஒப்பிட்டே மூச்சைப் பார்க்கவேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. அவர் தேடியது காசநோயை. நரம்பு நோய் அவர் நினைவில் இல்லை.

கருவியில்லாத முறை ஒரே மூச்சில் எண்ணுதல். "அம்மா, நல்லா மூச்ச இழுத்துக்குங்க, இப்போ விடாம எண்ணுங்க" என்று மருத்துவர் சொல்வார். நொடிக்கு இரண்டு எண் வீதம் எண்ணவேண்டும். நலமுள்ளவர் நாற்பது, ஐம்பது வரை போவார். பதினைந்தைத் தாண்டாமல் மூச்சு அறுந்தால் மூச்சுத் தசை தளர்ந்துவிட்டது என்று கொள்வது வழக்கம். இந்த எல்லைகள் ஆங்கிலத்தில் எண்ணியவர்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை. தமிழில் இருபதைக் கடந்ததும் எண்கள் நீண்டுவிடுகின்றன. "இருபத்தேழு" சொல்வதற்குள் ஆங்கிலத்தில் எண்ணுபவர் அடுத்த எண்ணுக்குப் போயிருப்பார். வேகத்தை மருத்துவர் விரலால் தட்டிக் காட்டாவிட்டால் கணக்கு பிழைக்கும். சடுகுடு ஆடி வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படுவதில்லை. பாட்டு நின்றால் ஆள் அவுட் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இயக்க நரம்பணு நோயில் நரம்புகள் சிதைந்து தசைகள் மெலிகின்றன. கடைசியில் உதரவிதானமும் தளர்கிறது. உட்கார்ந்து ஊதும்போது நல்லபடியாக இருக்கும் அளவு, படுத்து ஊதினால் குறைந்துவிடும். படுத்தால் மூச்சுத் திணறல், விடியற்காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவை இத்தளர்ச்சியின் அடையாளங்கள். மூச்சளவு எதிர்பார்க்கும் அளவில் பாதிக்குக் கீழே போனால் முகமூடி வழி மூச்சுக்கருவி பரிந்துரைக்கப்படுகிறது.

இந்நோய்க்குத் தமிழ்நாட்டோடு தனித்த தொடர்பு உண்டு. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய மூவரும், சென்னையில் இளவயதினரிடம் காணப்படும் இயக்க நரம்பணு நோயின் தனி வடிவத்தை 'நியூராலஜி இந்தியா' இதழில் விவரித்தனர். கைகால் மெலிவதோடு முகமும் நாக்கும் தொண்டையும் தளர்கின்றன. பலருக்குச் செவி கேளாமற்போகிறது. உலக மருத்துவ நூல்களில் இது 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே பெயர் பெற்றது. நகரம் சென்னையாகப் பெயர் மாறிய பின்னும் நோயின் பெயர் மாறவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1971 முதல் 2007 வரை கண்ட 116 நோயாளிகளைப் பற்றி 2008இல் எழுதினர். வழக்கமான வகையைவிட இதில் நோயாளிகள் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர். இது தனி நோயா, வேறொன்றின் கிளையா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

மூச்சின் வேதியியலுக்கு 1971 திருப்புமுனை. வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் வெளிமூச்சைக் குளிரூட்டிய குழாயில் உறையவைத்துப் பிரித்துப் பார்த்தபோது சுமார் 250 பொருள்கள் தென்பட்டன. உயிரணுச் சவ்வின் கொழுப்பு சிதையும்போது ஈத்தேன், பென்டேன் முதலியவை உண்டாகி, இரத்தம் வழியே நுரையீரலை அடைகின்றன. மூளையின் சிதைவும் இவ்வழியே மூச்சில் தெரியலாம் என்பதே எதிர்பார்ப்பு. இஸ்ரேலில் ஹைஃபாவின் டெக்னியன் நிறுவனத்தில் ஹொஸ்ஸாம் ஹைக் குழு 2013இல் அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூச்சை நுண்துகள் உணரிகளால் பிரித்துக் காட்டியது. 2017இல் ஐந்து நாடுகளின் 1,404 பேரைக் கொண்டு 17 நோய்களை 86 விழுக்காடு சரியாக வகைப்படுத்தியதாக அறிவித்தது. பார்க்கின்சன் அதில் உண்டு; அல்சைமர் இல்லை.

ஸ்காட்லாந்தின் செவிலியர் ஜாய் மில்ன் இதே பேச்சில் அடிக்கடி குறிப்பிடப்படுகிறார். கணவரின் உடல்மணம் மாறியதை, அவருக்குப் பார்க்கின்சன் உறுதியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் உணர்ந்தார். பின்னர் சோதனைக்காகத் தந்த பன்னிரண்டு பனியன்களில் நோயில்லாதவர் ஒருவருடையதையும் நோயாளியுடையது என்றார். சில மாதங்களில் அந்த நோயில்லாதவருக்கும் நோய் உறுதியானது. ஆயினும் அம்மணம் தோலின் எண்ணெய்ப்பசையில் இருப்பது. மூச்சுச் சோதனைக்குச் சான்றாக அதைக் காட்டுவது சரியல்ல.

மூச்சின் வேதியியலுக்குப் பெரிய இடையூறு சுற்றுப்புறக் காற்று. மூச்சில் இருப்பதிலிருந்து அறைக்காற்றில் இருப்பதைக் கழித்தே கணக்கிடவேண்டும். வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில். மணலி சுத்திகரிப்பு ஆலை வடக்கே. இத்தகைய இடத்தில் பென்சீனும் டொலுவீனும் நோயாளியின் மூச்சில் இருந்தால் அவை நோயின் தடயமா, லாரிப் புகையா என்று பிரிப்பது கடினம். உணவும் சேரும்: பூண்டு தின்றவர் மூச்சில் அதன் கந்தகச் சேர்மம் பல மணிநேரம் தங்குகிறது; பட்டினி கிடந்தால் அசிட்டோன் கூடுகிறது. எனவே ஆய்வாளர்கள் நோயாளியின் மூச்சோடு அதே அறையின் காற்றையும் தனியே பிடித்துக்கொள்கின்றனர்.

2022 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கோவிட் தொற்றை அறியும் மூச்சுக் கருவி ஒன்றுக்கு அவசர அனுமதி தந்தது. ஆனால் பார்க்கின்சனிலும் அல்சைமரிலும் மருத்துவர்கள் இன்னும் நடையையும் நினைவையும் பரிசோதித்தும், வேண்டியபோது ஸ்கேன் முதலிய பிற சோதனைகள் செய்துமே நோயை உறுதிசெய்கின்றனர்.