வன்னியின் காற்றும் செய்தியாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை வரலாறு 1841 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'உதயதாரகை'யுடன் தொடங்குகின்றது. 1930 இல் 'ஈழகேசரி'யும் 1959 இல் 'ஈழநாடு'ம் 1985 இல் 'உதயன்' நாளிதழும் யாழ்ப்பாணத்திலேயே தோன்றின. 'வீரகேசரி'யும் 'தினகரன்' இதழும் முப்பதுகளின் தொடக்கத்திற் கொழும்பிலே தோன்றின. இவ்விரு நகரங்களுக்குமிடையே பரந்து கிடக்கும் வன்னிப் பெருநிலமோ செய்திக்குப் பொருளாக இருந்ததேயன்றிச் செய்தியை ஆக்கும் இடமாக நெடுங்காலம் இருக்கவில்லை. 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும் ஆட்சியலுவலர் ஒருவர் எழுதியதே. போர்க்காலத்தில் வன்னியிலிருந்து பத்திரிகையும் வானொலியும் இயங்கினவெனினும், அவை போரின் தேவைக்கு உட்பட்டு நடந்து போருடனேயே நின்றுபோயின. இப்பின்னணியில், தூய எரிசக்தி பற்றிச் செய்தி எழுதுவோர்க்கு வேண்டிய பயிற்சி யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்சாரத்தின் அருமையை வன்னி மக்கள் நூல் வழியாக அறிந்தவரல்லர். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று, உலர்மின்கலங்கள் தடைசெய்யப்பட்டன. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் மக்கள். நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து நீண்டகாலம் துண்டிக்கப்பட்டிருந்த இந்நிலத்திற்கு, 2009 இல் போர் முடிந்த பின்னரே உயரழுத்த மின்கம்பிகள் மீண்டும் வந்தன.

மின்சாரத்தைப் பெறும் இடமாக மீண்ட சில ஆண்டுகளிலேயே அதனை வழங்கும் இடமாகவும் இந்நிலம் மாறத்தொடங்கியமை மனங்கொள்ளத்தக்கது. 2014 ஆம் ஆண்டளவில், கிளிநொச்சி மாவட்ட எல்லைக்குள், புலோப்பளை, வல்லிமுனைப் பகுதிகளில் ஒவ்வொன்றும் 10 மெகாவாற்று வலுவுடைய இரு காற்றாலைத் தொகுதிகள் எழுந்தன. அயலிலுள்ள மன்னாரில் 103.5 மெகாவாற்று வலுவுடைய 'தம்பபவனி' 2020 திசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 2023 பெப்புருவரியில், மன்னாரிலும் பூநகரியிலும் இரு காற்றாலைத் திட்டங்களை 44.2 கோடி டொலர் முதலீட்டில் அமைப்பதற்கு இந்தியாவின் அதானி குழுமத்திற்கு இலங்கை முதலீட்டுச் சபை அனுமதி வழங்கியது. இவற்றுட் பூநகரிக்குரிய பங்கு 234 மெகாவாற்று ஆகும்.

இத்திட்டத்தின் கதை செய்தியாளர்க்கு ஒரு பாடநூல் எனலாம். 2022 யூனில் இலங்கை மின்சார சபைத் தலைவர், மன்னார்த் திட்டம் வழங்கப்பட்ட முறை பற்றிப் பாராளுமன்றக் குழுவின் முன் ஒரு கூற்றைக் கூறிப் பின்னர் அதனை மீளப்பெற்றுப் பதவி விலகினார். அதே மாதத்தில் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டுப் போட்டிக் கேள்வி முறைக்கான கட்டாயம் தளர்த்தப்பட்டது. 2024 மேயில், அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் வீதம் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க அமைச்சரவை இணங்கியது. மன்னாரின் வலசைப் பறவைகளை முன்னிட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. புதிய அரசாங்கம் விலையை மீளாய்வு செய்ய முற்பட்டது. 2025 பெப்புருவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. சட்டம், விலை, சூழல், அயலுறவு ஆகிய நான்கும் இங்கே ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் அறிந்தவர் எழுதும் செய்தி ஒருபக்கச் செய்தியாகவே முடியும்.

முதலாவது இடர்ப்பாடு சொல்லிலேயே தொடங்குகின்றது. நம் பாடசாலைப் பௌதிகத்தில் 'வலு' வேறு, 'சக்தி' வேறு. அமைச்சின் பெயரோ இரண்டையும் இணைத்து 'வலுசக்தி' என்கின்றது. பத்திரிகைகள் இரண்டையும் 'மின்சக்தி' என்றே எழுதிவிடுகின்றன. மெகாவாற்று என்பது வலு. வீட்டு மின்பட்டியலில் வரும் அலகு என்பது சக்தி. இவ்வேறுபாடு தெரியாதவர் 234 மெகாவாற்று என்ற எண்ணை எழுதலாம். அதன் பொருளை எழுதவியலாது.

ஒரு கணக்கை உதாரணமாகக் கொள்வோம். காற்று எந்நேரமும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. பூநகரித் தொகுதி ஓராண்டில் தன் முழு ஆற்றலின் 40 வீதத்தைத் தருமென வைத்துக்கொண்டால், கிடைப்பது ஏறத்தாழ 82 கோடி அலகுகள். விலையில் ஒரு சதம் கூடினாலும் குறைந்தாலும் ஆண்டுக்கு 82 இலட்சம் டொலரும் 20 ஆண்டுகளில் 16 கோடி டொலருக்கு மேலும் வேறுபடும். இறுதியில் இத்தொகையைக் கொடுப்பவர் மின்பட்டியல் செலுத்தும் குடிமகனே. எனவே 'விலை கூட' என்ற அரசின் கூற்றையும் 'விலை நியாயம்' என்ற நிறுவனத்தின் கூற்றையும் அருகருகே அச்சிட்டுவிடுவதால் நடுநிலை வந்துவிடாது. கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் ஆற்றலே நடுநிலைக்கு அடிப்படை.

செய்தியாளர்க்குப் பயிற்சியளிக்கும் நிறுவனங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. கொழும்பில் இதழியற் கல்லூரி 2004 இல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடக வளங்கள் பயிற்சி நிலையமும் வடபுலத்து இளைஞர்க்குப் பயிற்சி அளித்துவந்துள்ளது. எனினும் போர்க்காலத்து வன்னிச் செய்தியாளரின் திறமை இடப்பெயர்வையும் இழப்பையும் உயிரச்சத்தின் நடுவே பதிவுசெய்வதிலே வளர்ந்தது. அத்துணிவு இன்றும் வேண்டப்படுவதே. ஆயின் மின்கொள்வனவு ஒப்பந்தத்தை வாசிக்க அது மட்டும் போதாது.

இப்பயிற்சி வகுப்பறையுள் முடிவதன்று. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்காக 30 நாட்கள் திறந்துவைக்கப்படுகின்றது. அந்நாட்களுள் அதனை வாசித்து எளிய தமிழில் ஊருக்கு உரைப்பது செய்தியாளர் கடன். 2017 பெப்புருவரியில் நடைமுறைக்கு வந்த தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பித்து விலைப்பத்திரங்களையும் காணிப் பத்திரங்களையும் கோரலாம். காணி யாருடையது, மேய்ச்சல் நிலம் எது, போரில் உறுதியை இழந்தவர் உரிமைக்கு என்ன சான்று, களப்பில் வலை வீசுவோர் பாதை மறிபடுமா என்பன, மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன பூநகரியின் வயல்வரம்பில் நின்று கேட்டறிய வேண்டியவை.

தூய எரிசக்தியை எதிர்ப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. 2030 இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென நாடு இலக்கு வகுத்துள்ளது. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அந்நியச் செலாவணியை இறைத்து 2022 இல் நாளொன்றுக்குப் பல மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டிற்கு அவ்விலக்கு வேண்டுவதே. ஒரு நிறுவனம் விலகியதனால் வன்னியின் காற்று விலகிவிடவில்லை. அதனைக் கேட்டு வேறு நிறுவனங்கள் வரும். அவை வரும்போது, ஒப்பந்தத்தின் எண்களை வாசித்து ஊரவர்க்கு விளக்கவல்ல செய்தியாளர் சிலரேனும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருத்தல் வேண்டும். அவர்களை உருவாக்குதற்கு வேண்டிய பௌதிகமும் பொருளியலும் சட்டமும் தமிழும் நம் பல்கலைக்கழகங்களில் தனித்தனித் துறைகளாக இருக்கின்றன. அவற்றை ஒரே வகுப்பில் கூட்டிவைப்பதே முதற்படியாகும் என்பது நம் துணிபு.