கஞ்சா மருந்தாக இருந்த கதை (கொஞ்சம் நீளமான இழை)

"டாக்டர், குழந்தைக்கு ஃபிட்ஸ் வருது. கஞ்சா எண்ணெய் கொடுத்தா நின்னுடும்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

படப்பையில் என் கிளினிக்கில் இப்போ அடிக்கடி வரும் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 180 வருஷக் கதை இருக்கு. பொறுமையா படிங்க.

1830-களின் கடைசி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் வில்லியம் ஓ'ஷாக்னஸி. அயர்லாந்துக்காரர். (பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் இவரேதான்!) நம்ம ஊர் வைத்தியர்களும் ஹக்கீம்களும் கஞ்சாவை எதுக்கெல்லாம் கொடுக்கிறாங்கன்னு விசாரிச்சார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் நோயாளிகளுக்கு.

ரேபிஸ் நோயாளி பிழைக்கவில்லை, ஆனால் அவஸ்தை குறைந்தது. அதை மறைக்காமல் எழுதினார். 40 நாள் பெண் குழந்தை ஒன்று, ஓயாத வலிப்பு. சொட்டுச் சொட்டாக அளவைக் கூட்டிக் கொடுத்தார். வலிப்பு நின்றது.

2018 ஜூனில் அமெரிக்க எஃப்.டி.ஏ, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடையால் மருந்தை அனுமதித்தது. எதுக்கு? லெனாக்ஸ்-கஸ்டோ, டிராவெட் என்ற, சாதாரண மாத்திரைக்கு அடங்காத குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு! ஆனால் இது அளந்து, சுத்திகரித்து, போதை தராத ஒரே ஒரு வேதிப்பொருள். எல்லா ஃபிட்ஸுக்கும் இல்லை.

நடுவில் என்ன ஆச்சு?

1893-ல் ஆங்கிலேய அரசு, கஞ்சாவைத் தடை செய்யலாமா என்று ஆராய ஒரு கமிஷன் போட்டது. ஊர் ஊராகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். 1894 அறிக்கை: மிதமான பயன்பாட்டால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள். (அரசுக்கு வரி வருமானமும் முக்கியம், அதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.)

உலகம் வேறு பக்கம் போனது. 1961 ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயின் இருக்கும் கடுமையான பட்டியலில் வைத்தது. இலைக்கு மட்டும் விலக்கு. நம்ம என்.டி.பி.எஸ். சட்டம் 1985 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. அதிலும் பூ முனைதான் கஞ்சா. தனி இலை கணக்கில் வராது. வடக்கே அரசு உரிமத்தோடு பாங்கு கடை நடப்பது இப்படித்தான்.

பலருக்குத் தெரியாத விஷயம்: மருத்துவ, அறிவியல் தேவைக்கு அந்தச் சட்டமே வழி விட்டிருக்கு. பிரிவு 8-ஐப் பாருங்க. அப்போ தடுத்தது எது?

இதைப் புரிஞ்சுக்க மார்ஃபினைப் பாருங்க. அதே சட்டம், அதே விலக்கு. உலகத்துக்கே சட்டப்படி அபின் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு நாம். ஆனால் 1997-ல் நாடு முழுக்க நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்த மார்ஃபின் சுமார் 18 கிலோ! ஆஸ்பத்திரி மார்ஃபின் வைக்கணும்னா பல துறைகளின் உரிமம், எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடி ஆகணும். சின்னத் தவறுக்கும் ஜெயில் பயம். மருந்துக்கடைக்காரர் எதுக்கு வம்புன்னு விட்டுட்டார். புற்றுநோயாளிகள் அலறிக்கிட்டே செத்தாங்க. போதை ஆசாமிக்கு ஒண்ணும் குறையல.

கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல வருஷம் போராடி, 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இப்போ அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே உரிமம் போதும்.

2020 டிசம்பர் 2. ஐ.நா.வில் கஞ்சாவை அந்தக் கடும் பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு. 27-25. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அங்கே கை தூக்கினோம். இங்கே நோயாளிக்கு என்ன மாறுச்சு?

"அப்போ கஞ்சாவை லீகல் ஆக்கலாமா?" அது வேற கேள்வி. புகைக்கிற பசங்களுக்கு மனநோய் அபாயம் உண்மை. தாய்லாந்து 2022-ல் கதவைத் திறந்து விட்டு, 2025-ல் மறுபடி டாக்டர் சீட்டு கேட்குது. என் வாதம் மருந்துக்கு மட்டும்.

2014 திருத்தத்தின் கீழ் எளிதாக்கப்பட்ட மருந்துகள் ஆறு: மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன். கஞ்சா சார்ந்த மருந்து ஒண்ணுகூட இல்லை. ஆன்லைனில் விற்கும் எண்ணெயில் என்ன அளவு இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதை நம்பி ஃபிட்ஸ் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. வீட்டில் புற்றுநோய் வலியோடு யாராவது இருந்தா, டாக்டரிடம் மார்ஃபின் பத்திக் கேளுங்க. அது இப்போ கிடைக்குது.